களிமண் எவ்வளவு சர்ஃபேக்டன்டைப் பிடிக்கிறது? போத்தலில் அளக்கும் முறை

மலேசியாவின் பந்திங் போன்ற கடலோரத் தோட்டப் பகுதிகளில் களைக்கொல்லி கலக்கக் கால்வாய்த் தண்ணீரை எடுப்போர், அது கலங்கியிருக்கும் நாளில் மருந்தின் வீரியம் குறைவதைக் கவனித்திருப்பார்கள். களிமண் துகள்கள் களைக்கொல்லியான கிளைபோசேட்டை மட்டுமன்றி, அது இலையில் பரவி ஒட்ட உதவும் சோப்புப் போன்ற சேர்மமான சர்ஃபேக்டன்டையும் தம் மேற்பரப்பில் பிடித்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். எந்த மண் எவ்வளவு பிடிக்கிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு அளக்கலாம்.

செம்பனைத் தோட்டத்துச் சாம்பல் நிறக் களிமண்ணையும், உட்பகுதியின் சிவப்பு மண்ணையும் தனித்தனியே நிழலில் உலர்த்தி, இடித்து, மாவுச் சல்லடையில் சலித்துக்கொள்ளவும். சர்ஃபேக்டன்ட் மூலக்கூறின் தலை எதிர்மின் அல்லது நேர்மின் கொண்டதாக இருக்கலாம். எதிர்மின் வகைக்குப் பாத்திரம் கழுவும் திரவமும், நேர்மின் வகைக்குப் பென்சல்கோனியம் குளோரைடு என்று லேபிளில் குறித்துள்ள கிருமிநாசினியும் போதும். இரண்டையும் ஒரே போத்தலில் சேர்க்கக் கூடாது. ஒன்றையொன்று பிணைத்து வீழ்படிவாகிவிடும்.

பலரும் தவறவிடும் படி நீர்த்தல்தான். ஒரு குறிப்பிட்ட செறிவுக்கு மேல் மூலக்கூறுகள் தமக்குள் கூடி மைசெல்கள் எனும் சிறு திரள்களாகிவிடுவதால் (எதிர்மின் வகையைச் சேர்ந்த சோடியம் டோடெசில் சல்ஃபேட்டுக்கு இது லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிராம்), அதற்கு மேல் நுரையின் உயரம் பெரிதாக மாறாது. ஆகவே முதலில் மண் சேர்க்காமல், கரைசலை மழைநீரில் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், குலுக்கும்போது நுரை தெளிவாகக் குறையத் தொடங்கும் இடத்திலிருந்து வேலையைத் தொடங்கவும். அதற்குக் கீழான ஒவ்வோர் அளவின் நுரை உயரத்தையும் எழுதி வைத்தால் அதுவே அளவுகோல்.

பிறகு ஒவ்வொரு மண்ணுக்கும், ஒவ்வொரு திரவத்துக்கும் மூன்று போத்தல்கள் தேவை: 100 மில்லிலிட்டர் கரைசல் மட்டும், அதே கரைசலில் 10 கிராம் மண், வெறும் மழைநீரில் 10 கிராம் மண். சில மணி நேரம் இடையிடையே குலுக்கி, இரவு முழுவதும் தெளிய விட்டு, மேல்நீரைக் காப்பி வடிதாளில் வடிக்கவும். தாளும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்பதால் மண்ணில்லாத கரைசலையும் வடித்தே ஒப்பிட வேண்டும். சம அளவு எடுத்து, ஒரே மாதிரி 20 முறை குலுக்கி, ஒரு நிமிடம் கழித்து அடிக்கோலால் நுரையை அளக்கவும். அது பாதி செறிவின் உயரத்துக்கு ஒத்திருந்தால், மீதிப் பாதியை மண் எடுத்துக்கொண்டது என்று பொருள். வெறும் மண்ணீரும் நுரைத்தால் அதைக் கழித்துக்கொள்ளவும்.

கிருமிநாசினிப் போத்தலில் களிமண் துகள்கள் திரிந்த பாலைப் போலத் திரண்டு அடியில் உட்காருவதைக் காணலாம். துகளின் எதிர்மின் பரப்பில் இருந்த சோடியம், கால்சியம் அயனிகளை விலக்கிவிட்டு நேர்மின் தலைகள் ஒட்டிக்கொள்வதே இதற்குக் காரணம். ஆனால் கடலோர மண்ணில் உப்பு இருந்தால் வெறும் மழைநீரிலும் அது விரைவில் படியக்கூடும். மூன்றாம் போத்தல் இருப்பது அதனால்தான்.

கடலோரச் சாம்பல் மண்ணில் இருக்கக்கூடிய மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமத்தின் அயனிப் பரிமாற்றத் திறன், அதாவது நேர்மின் அயனிகளைப் பிடித்து வைக்கும் அளவு, கிலோவுக்குச் சுமார் 80 முதல் 120 சென்டிமோல். சிவப்பு மண்ணில் மிகுந்த கயோலினைட் கனிமத்துக்கோ 3 முதல் 15 தான். அதற்காகச் சாம்பல் மண்ணே எல்லாவற்றையும் கூடுதலாகப் பிடிக்கும் என்று முடிவுகட்ட வேண்டாம். சிவப்பு மண்ணின் இரும்பு ஆக்சைடுகள் அமிலச் சூழலில் நேர்மின் ஏற்பதால், பாத்திரத் திரவத்தை அம்மண் அதிகம் பிடிக்கக்கூடும்.

மருந்து கலக்கும் நீரைப் பீப்பாயில் தெளிய விட்டு மேலிருந்து மொண்டுகொள்வதே நல்லது. விரைவாகத் தெளியப் படிகாரம் போட வேண்டாம். அதன் அலுமினியம் கிளைபோசேட்டையே பிணைத்துவிடும்.