623526-ஐப் பிரிக்கும்போது சறுக்கும் இடங்கள்

பாம்பனில் என்னிடம் டியூஷன் வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரிய எண் ஒன்று வேண்டுமென்றால் நான் புத்தகத்தைத் தேடுவதில்லை. வெளியூர் போகும் கருவாட்டுப் பார்சலில் எழுதுகிற ராமேஸ்வரம் பின்கோடே போதும்: 623526. இதைப் பகா காரணிகளாகப் பிரிக்கச் சொன்னால், வருஷா வருஷம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

ஆறில் முடிகிறது, அதனால் ஆறால் வகுபடும் என்பார்கள். விடை சரி, காரணம் தப்பு. இது இரட்டைப்படை எண். இலக்கங்களின் கூடுதல் 24, அது மூன்றால் வகுபடும். அதனால்தான் ஆறால் வகுபடுகிறது. 623516-உம் ஆறில்தான் முடிகிறது. கூடுதல் 23, ஆறால் வகுபடாது.

கடைசியில் 26 இருப்பதால் 13-ஆல் வகுபடும் என்று சொல்பவர்களும் உண்டு. கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்க்கும் வழி நான்குக்குப் பொருந்தும், ஏனென்றால் 100 நான்கால் மீதியில்லாமல் வகுபடும். 13-க்கு அப்படியில்லை. வகுத்துப் பாருங்கள், மீதி 7 வரும்.

இரண்டாலும் மூன்றாலும் வகுத்தபின் 103921 நிற்கும். பெரிய ஆபத்து இங்கேதான். 3, 5, 7, 11, 13 எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, “அக்கா, இது பகா எண்தான்” என்று பேனாவை மூடிவிடுவார்கள். இன்னும் ஒரே ஒரு படி போயிருந்தால் 17 கிடைத்திருக்கும்: 17 × 6113. பார்வைக்குப் பகா எண் மாதிரி இருப்பது கணக்கில் சாட்சி ஆகாது. எங்கே நிறுத்தலாம் என்பதை வர்க்கமூலம்தான் சொல்லும். 323 × 323 = 104329, அது 103921-ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே 322 வரைக்கும் உள்ள பகா எண்களில் எதுவும் வகுக்காவிட்டால்தான் பகா எண் என்று சொல்ல நமக்கு உரிமை.

சரி, 6113-க்கு மறுபடி 2-லிருந்து தொடங்க வேண்டாம்; சின்னவற்றை ஏற்கெனவே பார்த்தாயிற்று. ஆனால் 17-ஐ விட்டுவிட்டு 19-க்குத் தாவக்கூடாது, ஒரே எண் இரண்டு முறை வகுக்கக்கூடும். இங்கே எல்லையும் 78-ஆகக் குறைந்துவிட்டது. 17 முதல் 73 வரை பதினைந்து பகா எண்கள், ஒன்றும் வகுக்காது. 6113 பகா எண்தான்.

623526 = 2 × 3 × 17 × 6113.

அப்புறம், மொத்தக் காரணிகள் எத்தனை என்று கேட்டால் ஆறு என்பார்கள்: இந்த நான்கு, கூடவே 1-உம் அந்த எண்ணும். பெருக்கிக் கிடைப்பவற்றை மறந்துவிடுகிறார்கள். நான்கு பகா எண்களில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம், விடலாம்; 2 × 2 × 2 × 2 = 16 காரணிகள். ஜோடி ஜோடியாக எழுதினால் ஒன்றும் விட்டுப்போகாது: 1-க்கு 623526, 2-க்கு 311763, 3-க்கு 207842, 6-க்கு 103921, 17-க்கு 36678, 34-க்கு 18339, 51-க்கு 12226, 102-க்கு 6113.