தாளிசபத்திரியை இடிக்கும் முன் இலையைப் பாருங்கள்

சளிக்கும் இருமலுக்கும் தாளிசபத்திரி வாங்கி வீட்டிலேயே சூரணம் இடிப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் அந்த ஒரே பெயரில் இரண்டு இமயமலை மரங்களின் இலை சந்தையில் புழங்குகிறது. ஒன்று அபீஸ் வெபியானா என்ற ஃபிர் மரம். ஆயுர்வேத மருந்துநூல் தாளிசம் என்று சொல்வது இதைத்தான். மற்றது டாக்ஸஸ் இனத்து யூ மரம். அதன் இலை நஞ்சு. காய்ந்த பிறகும் நஞ்சுதான்.

பிரித்தறியத் தேவையானவை: வெள்ளைத் தாள், பூதக்கண்ணாடி, ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீர்.

1. பொடியாக வாங்காதீர்கள். பொடியானபின் கண்ணால் எதையும் பிரிக்க முடியாது. முழு இலையாக, முடிந்தால் குச்சியோடு கேட்டு வாங்குங்கள்.

2. ஒரு கைப்பிடியைத் தாளில் பரப்புங்கள். சுருண்ட இலைகளைக் கால் மணி நேரம் தண்ணீரில் போட்டால் விரியும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாயில் வைத்துப் பார்க்கவே கூடாது.

3. நுனியைப் பாருங்கள். ஃபிர் இலையின் நுனி சின்னதாக இரண்டாகப் பிளந்திருக்கும். யூ இலை ஒற்றை முனையாகக் கூராக ஒடுங்கும்.

4. இலையைத் திருப்புங்கள். ஃபிர் என்றால் அடிப்பக்கத்தில் நடுநரம்புக்கு இருபுறமும் இரண்டு வெண்கோடுகள் ஓடும். பழைய சரக்கில் மங்கியிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். யூ இலையில் அந்தக் கோடுகள் கிடையாது, வெளிர்பச்சையாக இருக்கும்.

5. குச்சியில் இலை உதிர்ந்த இடத்தைப் பாருங்கள். ஃபிர் வட்டமான தழும்பை விட்டுச் செல்லும். யூ இலையின் அடி குச்சியோடு ஒட்டி வரப்பு போலக் கீழே இறங்கும்.

6. கசக்கி முகருங்கள். ஃபிரில் பிசின் வாசனை வரும், யூவில் வராது. நாளான சரக்கில் வாசனை போயிருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம். நீளத்தையும் நம்பாதீர்கள், இரண்டிலும் மூன்று சென்டிமீட்டர் இலை உண்டு.

சந்தேகமான இலை ஒன்று கிடைத்தாலும் பொட்டலம் முழுவதையும் ஒதுக்குங்கள். பொறுக்கி எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எல்லாம் தேறினாலும் அளவைச் சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கறார் ஏன் என்றால், யூவில் உள்ள டாக்சின் (taxine) என்ற நச்சு ஆல்கலாய்டுகள் இதயத் தசைக்குள் சோடியமும் கால்சியமும் போகும் வழிகளை அடைத்துத் துடிப்பைக் குலைக்கின்றன. மரத்தில் நஞ்சில்லாத பாகம், விதையைச் சுற்றியுள்ள சிவப்புச் சதை மட்டுமே. உள்ளே இருக்கும் விதையும் நஞ்சு.

அப்புறம், "யூ மரம் புற்றுநோய்க்கு மருந்தாமே" என்று சிலர் இலையைக் கொதிக்க வைக்கிறார்கள். எனக்குப் பெரிய கவலை இதுதான். 1962இல் அமெரிக்காவின் பசிபிக் யூ மரத்திலிருந்து எடுத்த பட்டையில்தான் பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து தெரியவந்தது. வேதியியலாளர்கள் மன்றோ வால், மன்சுக் வானி குழு அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டது. 1992இல் சினைப்பைப் புற்றுநோய்க்கு அங்கே அனுமதி கிடைத்தது. அந்த மருந்து தண்ணீரில் அநேகமாகக் கரையாது. கஷாயத்தில் இறங்குவது டாக்சின்தான். யூ இலைக் கஷாயம் குடித்து இறந்தவர்கள் உண்டு.

யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால், வாந்தியோ மயக்கமோ வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். முறிவு மருந்து கிடையாது, இதயத் துடிப்பைக் கண்காணித்துத்தான் சிகிச்சை தருவார்கள். மிச்சமிருக்கும் இலையைப் பொட்டலத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.