ஹோஸ்ட்டில் மணி சரி, கெஸ்ட்டில் ஏன் தவறு?

ஒரு சனிக்கிழமை காலை, சோதனைக்கு வைத்திருந்த லினக்ஸ் மெய்நிகர் இயந்திரம் (விஎம்) ஒன்றை, அதாவது ஹோஸ்ட் என்னும் உண்மையான கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கெஸ்ட் ஒன்றை, வியாழக்கிழமை எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு, அன்றைய நிலையின் பதிவுக்கு, திருப்பினேன். நினைவகத்தையும் சேர்த்து எடுத்த ஸ்னாப்ஷாட் அது. ஆகவே இயந்திரம் புதிதாகத் துவங்காமல், விட்ட இடத்திலிருந்தே விழித்துக்கொண்டது. எடிட்டரில் பாதி அடித்திருந்த வரிகூட அப்படியே இருந்தது. கோப்புச் சேவையகத்தை இணைக்கப் போனால் அடையாளச் சரிபார்ப்பு நெறிமுறையான கெர்பராஸ் மறுத்தது. கடவுச்சொல்லை இரண்டு மூன்று முறை அடித்துப் பார்த்துச் சலித்த பிறகுதான் தேதியைக் கேட்கத் தோன்றியது. வியாழன், காலை 10.40 என்றது.

நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி அந்த இயந்திரத்தில் இல்லாமல் இல்லை. ஓடிக்கொண்டுதான் இருந்தது. நேரச் சேவையகத்தோடு பேசி, தன் கடிகாரம் ஏறத்தாழ 48 மணி நேரம் பின்தங்கியிருப்பதையும் கண்டுபிடித்திருந்தது. கண்டுபிடித்தும் முள்ளைத் தூக்கி வைக்கவில்லை, மெல்ல உருட்டிக்கொண்டிருந்தது. லினக்ஸில் க்ரோனி தன் இயல்பான அமைப்பில் கடிகாரத்தை அதிகபட்சம் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வேகப்படுத்தும். ஒரு வினாடிப் பிழை தீர 12 வினாடி. 48 மணி நேரப் பிழை தீர 24 நாள்.

முதல் மூன்று முறை மட்டும்

இதற்குக் காரணம் பல லினக்ஸ் வெளியீடுகள் தரும் க்ரோனி அமைப்புக் கோப்பில் இருக்கும் ஒரே வரி: 'மேக்ஸ்டெப் 1.0 3'. பிழை ஒரு வினாடிக்கு மேல் இருந்தால் கடிகாரத்தை ஒரேயடியாகத் தள்ளிவை, ஆனால் துவங்கிய பின் வரும் முதல் மூன்று திருத்தங்களில் மட்டும் என்று பொருள். பௌதிகச் சேவையகத்துக்கு இது நல்ல விதி. பூட் ஆகும்போது கடிகாரம் எப்படி இருந்தாலும் திருத்திவிடலாம். ஓடத் துவங்கிய பிறகு திடீரென்று குதித்தால் தரவுத்தளம் குழம்பும். மெய்நிகர் இயந்திரமோ துவங்கி நூறு நாள் கழித்தும் உறைந்துபோய், வேறொரு நாளில் கண்விழிக்கும். க்ரோனியைப் பொறுத்தவரை அந்த மூன்று வாய்ப்பும் முன்பே தீர்ந்துவிட்டன.

உடனடி மருந்து, க்ரோனியின் கட்டளைக் கருவியில் 'மேக்ஸ்டெப்' என்று கையால் ஒரு முறை சொல்வது. நிரந்தரத் தீர்வாக அந்த 3-ஐ -1 ஆக்கிவிடலாம். அப்போது எப்போது வேண்டுமானாலும் தள்ளிவைக்கும். சோதனை இயந்திரங்களில் நான் யோசிக்காமல் -1 போடுகிறேன். தரவுத்தளம் ஓடும் இயந்திரத்தில் போடுவதில்லை. அங்கே ஸ்னாப்ஷாட்டை மீட்கும் ஸ்கிரிப்ட்டே, மீட்டு முடித்த கையோடு, கெஸ்ட்டுக்குள் ஓடி ஹோஸ்ட்டின் கட்டளையைக் கேட்கும் குவெமு கெஸ்ட் ஏஜென்ட் வழியாக நேரத்தை வைத்துவிடுகிறது.

என்டிபி என்னும் வலையமைப்பு நேர நெறிமுறைக்கான பழைய செயலி என்டிபிடி இதற்கு நேர் எதிர்க் கோடியில் நிற்கும். பிழை 1000 வினாடியைத் தாண்டினால், "இது என் வேலையில்லை" என்று செயலியே நின்றுவிடும். பிறகு யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் கடிகாரம் தன் போக்கில் போகும். விஎம்களில் 'டிங்கர் பேனிக் 0' என்ற வரியை அமைப்புக் கோப்பின் தலையிலேயே எழுதச் சொல்வது அதனால்தான்.

ஹோஸ்ட் சரியென்றால் கெஸ்ட்டும் சரி என்ற நம்பிக்கை

அதிகம் பார்க்கும் தவறு இதுதான். "ஹோஸ்ட்டில் என்டிபி போட்டிருக்கிறோம், உள்ளே எதற்கு இன்னொன்று?" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கெஸ்ட்டுகளை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் கெஸ்ட்டுக்குத் தருவது மணி அன்று, எண்ணும் வசதி மட்டுமே.

ஒரு காலத்தில் அந்த எண்ணிக்கையும் சிக்கலாகவே இருந்தது. இயங்குதளம் டைமர் இன்டரப்ட்டுகளை, அதாவது சீரான இடைவெளியில் வரும் 'டிக்' குறுக்கீடுகளை, எண்ணித்தான் நேரத்தை அறிந்துகொண்டது. லினக்ஸ் 2.6-இன் துவக்கத்தில் வினாடிக்கு 1000 டிக். கெஸ்ட் ஒன்று சிபியு கிடைக்காமல் 50 மில்லிவினாடி வரிசையில் நின்றால் 50 டிக் போய்விடும். ஹைப்பர்வைசர் இரக்கப்பட்டு, விட்டுப்போன டிக்குகளைப் பின்னால் வேகவேகமாகக் கொட்டும். சில கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையப் பகுதிகள்) விட்டுப்போன டிக்குகளைத் தாமாகவே கணக்கிட்டும் கூட்டிக்கொண்டன. ஒரே இழப்புக்கு இரண்டு ஈடு. கடிகாரம் முன்னே ஓடியது. சும்மா இருக்கும் நூறு கெஸ்ட்டுகள் மட்டுமே ஹோஸ்ட்டுக்கு வினாடிக்கு ஒரு லட்சம் இன்டரப்ட் வேலை வைத்தன. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 5 காலத்தில், துவக்கத்தில் கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் 'டிவைடர்=10' என்று எழுதி டிக்கை வினாடிக்கு நூறாகக் குறைத்தது நினைவிருப்பவர்கள் இருப்பார்கள்.

இன்று டிக் எண்ணுவதில்லை. லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஹோஸ்ட்டும் கெஸ்ட்டும் நினைவகத்தில் ஒரு சிறு பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதில் ஹோஸ்ட் எழுதிவைக்கும் சேதி இது: சிபியுவுக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும் டிஎஸ்சி எண்ணுங்கருவி இந்த எண்ணைக் காட்டியபோது நேரம் இவ்வளவு நானோவினாடி, அதற்குப் பின் கூடும் எண்ணிக்கையை நானோவினாடியாக மாற்ற இந்த எண்ணால் பெருக்கிக்கொள். கெஸ்ட் டிஎஸ்சியைப் படித்து, வித்தியாசத்தைப் பெருக்கிக் கூட்டிக்கொள்ளும். கூடவே ஒரு பதிப்பு எண்ணும் உண்டு. ஹோஸ்ட் எழுதிக்கொண்டிருக்கும்போது அது ஒற்றைப்படை, எழுதி முடித்ததும் இரட்டைப்படை. படிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே இரட்டைப்படை எண் தெரியாவிட்டால், அரைகுறையாகப் படித்துவிட்டோம் என்று கெஸ்ட் மறுபடி படிக்கும். பூட்டு இல்லை, ஹோஸ்ட்டைக் கூப்பிடுவதும் இல்லை. அழகான ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டில் தேதிக்கு இடமில்லை. லினக்ஸ் கெஸ்ட் பூட் ஆகும்போது ஒரு முறை தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதன் பின் தன் கணக்குத்தான். ஹோஸ்ட்டில் என்டிபி செய்யும் நுண்ணிய திருத்தங்கள் கெஸ்ட்டின் தேதிக்குத் தானாக வந்து சேர்வதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகு இருந்தாலே நாளுக்கு 1.7 வினாடி விலகும். கெர்பராஸ் பொறுத்துக்கொள்ளும் ஐந்து நிமிட எல்லையை ஆறு மாதத்துக்குள் எட்டிவிடும்.

ஆகவே ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் தனியே திருத்தும் ஆள் வேண்டும். ஹோஸ்ட்டையே மூலமாக வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்கும் நேர்மையான வழி உண்டு. 2017-இல் வந்த லினக்ஸ் 4.11 முதல் கேவிஎம் கெஸ்ட்டில் பிடிபி (துல்லிய நேர நெறிமுறை) சாதனம் ஒன்றைத் திறந்து, ஹோஸ்ட்டின் கடிகாரத்தை க்ரோனிக்கு நேரடியாகக் காட்டலாம். வலையமைப்புத் தாமதம் இடையில் வராது என்பதால் துல்லியமும் நன்றாக இருக்கும். கண்டெய்னர்களுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. அவை ஹோஸ்ட்டின் கெர்னலையும் கடிகாரத்தையுமே பயன்படுத்துகின்றன. கண்டெய்னருக்குள் க்ரோனியை நிறுவ மெனக்கெடுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

ஒரு கடிகாரம், இரண்டு எஜமானர்

ஆள் இல்லாமல் இருப்பது ஒரு தவறென்றால், இரண்டு ஆள் வைப்பது இன்னொன்று. கெஸ்ட்டுக்குள் என்டிபி ஓடும். விஎம்வேர் ஹைப்பர்வைசரின் துணைக்கருவியான விஎம்வேர் டூல்ஸின் தொடர் நேர ஒத்திசைவையும் யாரோ இயக்கியிருப்பார்கள். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது போல, ஒன்று மெல்ல இழுத்துக் கொண்டுவந்ததை மற்றொன்று ஒரே தட்டில் தள்ளும். என்டிபி அதைக் கடிகாரத்தின் இயல்பான பிசகு என்று நினைத்துத் தன் வேகக் கணக்கையும் மாற்றிக்கொள்ளும்.

இதில் பலருக்குத் தெரியாத பொறி ஒன்று உண்டு. அந்தத் தொடர் ஒத்திசைவின் தேர்வுக் குறியை எடுத்துவிட்டால் எல்லாம் நின்றுவிட்டது என்று நினைக்கிறோம். நிற்பதில்லை. ஸ்னாப்ஷாட் மீட்பு, இடைநிறுத்தத்திலிருந்து விழிப்பு, ஓடிக்கொண்டே வேறு ஹோஸ்ட்டுக்கு இடம்பெயரும் விமோஷன் போன்ற தருணங்களில் டூல்ஸ் ஒருமுறை ஒத்திசைவைச் செய்துகொண்டேயிருக்கும். அதையும் நிறுத்த வேண்டுமென்றால், பழைய விஎம்வேர் பதிப்புகளில் 'டைம்.சிங்க்ரனைஸ்' என்று துவங்கும் பல அமைப்புகளை விஎம்மின் அமைப்பில் தனித்தனியே பூஜ்யமாக்க வேண்டும். ஹோஸ்ட்டின் மணி சரியாக இருக்கும்வரை இந்த ஒருமுறை ஒத்திசைவு நல்லதுதான்; என் சனிக்கிழமை அனுபவம் அங்கே நேர்ந்திருக்காது. ஹோஸ்ட்டின் மணி தவறாக இருந்தால்தான் ஆபத்து. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கெஸ்ட், என்டிபி அமைக்க மறந்துபோன ஒரு ஹோஸ்ட்டுக்கு இடம்பெயர்ந்த நொடியில் நான்கு நிமிடம் பின்னே குதிக்கும். யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இதைவிடக் கேடு, வட்டமாகச் சுற்றுவது. விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்டுக்கு நேர மூலமாக, அலுவலகப் பயனர் கணக்குகளை ஆளும் ஆக்டிவ் டைரக்டரியின் டொமைன் கன்ட்ரோலரைக் கொடுத்திருப்பார்கள். அந்த டொமைன் கன்ட்ரோலரோ அதே ஹோஸ்ட்டில் ஓடும் ஒரு கெஸ்ட். டூல்ஸ் வழியே ஹோஸ்ட்டிடம் மணி கேட்டுக்கொண்டிருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வியிலும் இதே வட்டம் அமையும். விசேஷம் என்னவென்றால், உள்ளே எந்த எச்சரிக்கையும் எழாது. எல்லா இயந்திரமும் ஒரே மணியைச் சொல்லும், கெர்பராஸ் திருப்தியாக இருக்கும், மொத்த அலுவலகமும் சேர்ந்தே விலகிப்போகும். 30 வினாடிக்கு ஒரு முறை மாறும் அலைபேசிச் செயலியின் உள்நுழைவுக் குறியீடு ஏற்கப்படவில்லை என்று யாராவது புகார் சொல்லும்போதுதான் வெளியே தெரியும். அப்போதும் முதலில் அந்த அலைபேசியைத்தான் சந்தேகிப்பார்கள்.

வட்டத்தை உடைக்க, ஹோஸ்ட்டுகளும் பிடிசி எமுலேட்டர் என்னும் நேரத் தலைமைப் பொறுப்பு வகிக்கும் டொமைன் கன்ட்ரோலரும் தனித்தனியே வெளி மூலத்திடம் கேட்க வேண்டும். இந்தியாவில் அந்த வெளி மூலம் எது என்பதற்கு விதியே இருக்கிறது. இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சேவையகங்களோடோ, அவற்றைப் பின்பற்றும் சேவையகங்களோடோ இணைக்கச் சொல்கிறது.

சரியாக ஐந்தரை மணி நேரம்

விலகல் 5 மணி 30 நிமிடம் என்று சுத்தமாக இருந்தால் என்டிபியைத் தோண்ட வேண்டாம். மெய்நிகர் வன்பொருள் கடிகாரச் சிப்பு யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறதா, உள்ளூர் நேரத்தில் இருக்கிறதா என்பதில் ஹோஸ்ட்டும் கெஸ்ட்டும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். மெய்நிகர் வன்பொருளைத் தரும் குவெமு இயல்பாக யுடிசியைக் காட்டும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஐந்தரை மணி பின்தங்கினால் இந்தக் கதை. உள்ளூர் நேரத்தில் வைத்த சிப்பை யுடிசி என்று நம்பும் லினக்ஸ் கெஸ்ட் ஐந்தரை மணி முந்தும். சிங்கப்பூரில் இதே கோளாறு எட்டு மணியாகத் தெரியும். விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில் விண்டோஸ் கெஸ்ட்டுக்குக் கடிகார வகையை 'லோக்கல்டைம்' என்று வைத்தால் தீர்ந்தது.

பூட் ஆன சிறிது நேரத்தில் என்டிபி வந்து திருத்திவிடுவதால் இது வருடக்கணக்கில் மறைந்தே இருக்கும். பூட்டின் முதல் நிமிடப் பதிவுகள் மட்டும் ஐந்தரை மணி தள்ளி எழுதப்பட்டிருக்கும். ஏதோ கோளாறு என்று ஒரு நாள் அந்தப் பதிவுகளைப் படிக்கும்போதுதான் தலை சுற்றும்.

காலாவதியான மருந்துச் சீட்டு

பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய பரிந்துரைகளைக் கெர்னல் வரியில் இன்றும் சுமந்து திரியும் இயந்திரங்கள் உண்டு: டிஎஸ்சியை நம்பாதே, அதற்குப் பதில் தாய்ப்பலகையிலுள்ள ஏசிபிஐ பிஎம் டைமரைப் பயன்படுத்து. அன்றைய சிபியுக்களில் டிஎஸ்சி வேகம் மாறும் என்பதால் அது சரியான அறிவுரை. இன்று அதன் விலை அதிகம். பிஎம் டைமரை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் கெஸ்ட்டிலிருந்து வெளியேறி ஹைப்பர்வைசருக்குப் போய்த் திரும்ப வேண்டும். சில பத்து நானோவினாடியில் முடிய வேண்டிய வேலை மைக்ரோவினாடிக் கணக்குக்குப் போகிறது. ஒவ்வொரு வினவலுக்கும் இருமுறை மணி பார்க்கும் தரவுத்தளம் காரணமே தெரியாமல் மந்தமாகும். கெர்னல் தானாகவே டிஎஸ்சியைக் கைவிட்டிருக்கவும் கூடும். கெர்னல் பதிவில் டிஎஸ்சி நிலையற்றது என்ற வரி இருந்தால், அது எந்த நாளில், எந்த இடமாற்றத்துக்குப் பின் வந்தது என்று பார்க்க வேண்டும்.

விஎம் வார்ப்புருவிலிருந்து நகல் எடுக்கும்போது, கடிகாரத்தின் பிசகைக் குறித்துவைக்கும் என்டிபியின் டிரிஃப்ட் கோப்பும் சேர்ந்தே நகலாகிறது. யாரோ ஒரு ஹோஸ்ட்டின் படிகப் பிசகை இருபது புதிய இயந்திரங்களுக்கு ஊட்டுவதற்குச் சமம். வார்ப்புருவை மூடுமுன் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். எப்போதாவது யுடிசியில் சேர்க்கப்படும் லீப் வினாடியை ஒரேயடியாகக் கூட்டாமல் சிறிது சிறிதாகப் பூசிப் பரப்பும் அமேசான், கூகுள் சேவையகங்களைப் பூசாத சேவையகங்களோடு ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது. அந்த நாளில் அவை அரை வினாடி வரை முரண்படும். கடைசி லீப் வினாடி 2016 இறுதியில் வந்ததால் பலர் இதை மறந்தே விட்டார்கள்.

நிரல் எழுதுவோர் பக்கமும் ஒரு தவறு உண்டு. ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளக்கத் தேதிக் கடிகாரத்தைக் கழிப்பது. அது தள்ளிவைக்கப்பட்டால் விடை மைனஸில் வரும். பின்னோக்கிப் போகாத மானோடானிக் கடிகாரத்தைக் கேட்க வேண்டும். அதிலும் சிபியுவுக்காக வரிசையில் நின்ற நேரம் கலந்தே இருக்கும் என்பதால், அந்த நேரத்தை 'டாப்' கட்டளை காட்டும் 'எஸ்டி' எண்ணில் பார்க்காமல் விஎம்மில் எடுத்த வேக அளவீட்டை நான் நம்புவதில்லை.

அந்தச் சனிக்கிழமை இயந்திரத்தை ஒரே கட்டளையில் சரிசெய்துவிட்டேன். ஆனால் விழித்ததற்கும் திருத்தியதற்கும் இடையிலான அரை மணி நேரப் பதிவுகள், மையப் பதிவுச் சேவையகத்தில் வியாழக்கிழமையின் உண்மையான பதிவுகளோடு பின்னிக்கொண்டன. வியாழன் 10.40 மணிக்கு ஒரே கோப்பு இரண்டு முறை, இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டதாக அது இன்றும் சொல்கிறது.