முகம் எரிகிறதா? புதிதாக எதையும் தடவாதீர்கள்

நான் மருந்தாளுநர். மருந்துக் கடையில் அடிக்கடி என் காதில் விழும் கோரிக்கை இது: "புதுசா ஒரு சீரம் போட்டேன், முகமெல்லாம் எரியுது. அதுக்கு ஏதாவது நல்ல கிரீம் குடுங்க." கன்னத்தில் திட்டுத்திட்டாகச் சிவந்திருக்கும், மூக்கோரம் தோல் உரிந்திருக்கும், சிரித்தால் வாயோரம் இழுக்கும். கிரீமை எடுத்துத் தருவதற்கு முன்னால், இப்போது முகத்தில் என்னென்ன போடுகிறீர்கள் என்று கேட்பேன். ஃபேஸ் வாஷ், டோனர், இரண்டு சீரம், ஸ்கிரப், இரவுக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று என்று பட்டியல் நீளும். அதில் பெரும்பாலானவற்றைச் சில வாரங்களுக்கு ஒதுக்கி வைக்கச் சொல்வதுதான் என் முதல் ஆலோசனை. சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் எரிச்சலடைந்த தோலுக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது.

பொருள் இன்னும் முகத்தில் இருக்கிறது, எரிகிறது என்றால் உடனே கழுவுங்கள். குளிர்ந்த குழாய்த் தண்ணீர் போதும். கையால் மென்மையாக, தேய்க்காமல். பீலிங் (மேல்தோலை உரித்தெடுக்கப் பூசும் கரைசல்) போன்ற வீரியமான அமிலம் சுட்டுவிட்டது என்று தோன்றினால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் வரை கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கண்ணையும் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். அப்புறம் சுத்தமான மெல்லிய துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஐந்து, பத்து நிமிடம் முகத்தின் மேல் வைக்கலாம். ஒரு நாளில் சில தடவை இப்படிச் செய்யலாம். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம், அதுவே தோலைப் புண்ணாக்கும்.

பிறகு, நிறுத்த வேண்டியவை. புதிதாக வாங்கிய பொருளை மட்டும் நிறுத்தினால் போதாது. ரெட்டினால், கிளைகாலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், வைட்டமின் சி, பென்சாயில் பெராக்சைடு, ஸ்கிரப், முகம் தேய்க்கும் பிரஷ், ப்ளீச், வாக்சிங் எல்லாம் ஓரமாகப் போகட்டும். ஷேவ் செய்பவர்கள் முடிந்தால் சில நாள் தள்ளிப்போடுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த ட்ரெட்டினாயின், அடாபலீன் போன்றவையாக இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் சில நாள் விட்டுவிட்டு, இடைவெளி விட்டுப் போடச் சொல்வார்.

பழைய பொருள்களையும் ஏன் நிறுத்த வேண்டும்? நம் தோலின் மேலடுக்கு தலைமுடியின் தடிமனைவிட மெல்லியது. அதில் இறந்த செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் அந்தச் செல்களுக்கு நடுவே நிரம்பி உள்ளே இருக்கும் தண்ணீரைக் காக்கின்றன, வெளியே இருப்பதைத் தடுக்கின்றன. அமிலமோ சோப்போ இந்த அடுக்கைக் கெடுத்துவிட்டால், முன்பு சும்மா இருந்த பொருளும் எரியும். பல வருடம் போட்ட மாய்ஸ்சரைசர்கூட இப்போது சுரீரென்று இருந்தால் அதற்குக் காரணம் இதுதான். உடனே அதன்மேல் பழி போட வேண்டாம். தடவியதும் சில நொடி எரிந்து அடங்கினால் பரவாயில்லை. அடங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் கழுவிவிட்டு வேறொன்றைப் பாருங்கள்.

இனி போட வேண்டியவை. மூன்றே மூன்றுதான்.

காலையில் வெறும் தண்ணீர், இரவில் சோப்பில்லாத, வாசனையில்லாத மென்மையான கிளென்சர். சோப்புக் கட்டி வேண்டாம். தோலின் பிஎச் அளவு (எண் குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) ஏறக்குறைய 5, சாதாரண சோப்புக் கட்டியின் பிஎச் 9, 10 வரை போகும். சூடான தண்ணீரும் வேண்டாம். துடைக்கும்போது ஒற்றி எடுங்கள்.

முகம் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். கிளிசரின், செராமைடு, பாந்தெனால் போன்றவை இருப்பது நல்லது, வாசனை இல்லாமலிருப்பது கட்டாயம். உட்பொருள் பட்டியல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் எரிச்சல் தொடர்ந்தால் சந்தேகப்பட வேண்டிய பெயர்களும் குறைவாக இருக்கும். தோல் வெடித்து உரியும் இடங்களில் இரவில் மாய்ஸ்சரைசருக்கு மேல் மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். தண்ணீர் வெளியேறுவதைத் தடுப்பதில் விலையுயர்ந்த கிரீம்கள் பலவும் அதற்கு ஈடாகாது. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: அமிலமோ ரெட்டினாலோ போட்ட முகத்தின் மேல் அதைப் பூசக்கூடாது, அடியில் இருப்பது இன்னும் ஆழமாக இறங்கி எரிச்சலைக் கூட்டும்.

மூன்றாவது சன்ஸ்கிரீன். ஜிங்க் ஆக்சைடு உள்ளதாக, எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல். அதுவும் எரிகிறது என்றால் ஓரிரு நாள் தொப்பியும் நிழலும் போதும். மாநிறமும் கருமையும் உள்ள தோலில் இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். நம் தோலில் எரிச்சல் எப்போதும் சிவப்பாகத் தெரிவதில்லை, பழுப்பாகவோ ஊதா கலந்த கருமையாகவோ தெரியலாம். எரிச்சல் ஆறிய பிறகும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்தே இருக்கும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். அந்தக் கறையைப் போக்க இன்னொரு வீரியமான கிரீம் வாங்கி, அது மறுபடி எரித்து, அதனால் மறுபடி கறுத்து, இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். சொறியாதீர்கள், உரியும் தோலைப் பிய்க்காதீர்கள்.

இயற்கைதானே என்று எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, வினிகர் எதையும் இந்த நேரத்தில் பூச வேண்டாம். எலுமிச்சையின் பிஎச் 2 அளவில் இருக்கும், சமையல் சோடாவோ எதிர்ப்பக்கம். டீ ட்ரீ எண்ணெய், லாவெண்டர் எண்ணெய் இரண்டும் சிலருக்கு ஒவ்வாமையே உண்டாக்கும். கற்றாழை ஜெல் என்று விற்பதில் பலவற்றில் வாசனையும் ஆல்கஹாலும் கலந்திருக்கும், புட்டியைத் திருப்பிப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்டீராய்டு கிரீம் பற்றி

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். முகம் சிவந்தால் வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு டியூபை எடுத்துப் பூசும் வழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் படர்தாமரை வந்தபோது வாங்கியது, தம்பிக்குக் கொசு கடித்தபோது வாங்கியது. அதில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு, அதாவது சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் வீரியமான மருந்து. நிறம் கூட்டும் என்று சொல்லி விற்கும் சில கிரீம்களிலும் இது இருக்கிறது.

பூசிய மறுநாளே முகம் அமைதியாகிவிடும். அதுதான் ஆபத்து. நிறுத்தினால் சிவப்பு திரும்பி வரும், முன்பைவிட அதிகமாக. மறுபடி பூசத் தோன்றும். வாரக்கணக்கில் இப்படிப் போனால் முகத்தோல் மெலியும், சிறு ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பருக்கள் கிளம்பும், சிலருக்கு முடியும் வளரும். கண்ணைச் சுற்றித் தொடர்ந்து பூசினால் கண் அழுத்தம் கூடலாம். முகத்துக்குத் தேவைப்பட்டால் வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதத்தைச் சில நாள்களுக்கு மட்டும் மருத்துவர் சொல்வார். அந்த முடிவை அவரே எடுக்கட்டும். ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசி வருபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், தோல் மருத்துவரைப் பார்த்து எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள்.

ஒவ்வாமைக்கான செட்டிரிசின் மாத்திரை கேட்பவர்களும் உண்டு. திடீரென்று எழும் தடிப்புக்கு அது உதவும். அமிலம் எரித்த எரிச்சலுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

எரிச்சலா, ஒவ்வாமையா, பருக்கள் வெளியே வருகின்றனவா?

எரிச்சல் என்றால் சீக்கிரமே தெரியும். சுடும், இழுக்கும், பொருள் பட்ட இடத்தில்தான் இருக்கும். வீரியமான பொருளை யார் அளவுக்கு மீறிப் போட்டாலும் வரும். ஒவ்வாமையில் அரிப்புதான் முன்னால் நிற்கும். பெரும்பாலும் ஒரு நாள் கழித்து, சில நேரம் மூன்று நாள் கழித்துக்கூடத் தொடங்கும், பட்ட இடத்தைத் தாண்டிப் பரவும். கண்ணிமை வீங்கினால் ஒவ்வாமையைக் கட்டாயம் நினைக்க வேண்டும். முகத்தில் போட்டதுதான் காரணம் என்றும் இல்லை. இமைத் தோல் மிக மெல்லியது என்பதால் தலைச் சாயமும் நகப் பாலிஷும்கூட அங்கே போய் வேலையைக் காட்டும். வருடக்கணக்கில் ஒத்துக்கொண்ட பொருளுக்கும் திடீரென்று ஒவ்வாமை வரலாம்.

"இது பர்ஜிங், அழுக்கெல்லாம் வெளியே வருது, விடாமப் போடுங்க" என்ற அறிவுரையைக் கேட்டு ரொம்பப் பேர் முகத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ரெட்டினால், அமிலம் போன்று செல்கள் புதுப்பிக்கும் வேகத்தைக் கூட்டும் பொருள்களால் வழக்கமாகப் பரு வரும் இடத்தில் சில வாரம் பருக்கள் கூடலாம், உண்மைதான். எரிச்சல், உரிதல், வீக்கம், அரிப்பு, அல்லது பருவே வராத இடத்தில் கிளம்பும் பொடிப் பருக்கள் அந்தக் கணக்கில் சேராது. வெறும் மாய்ஸ்சரைசரோ சன்ஸ்கிரீனோ போட்டதற்கு அந்தப் பெயரே பொருந்தாது. நிறுத்திவிடுங்கள்.

லேசான எரிச்சல் எல்லாவற்றையும் நிறுத்திய ஓரிரு நாளில் தணியத் தொடங்கும், உரிவது ஒரு வாரம்வரை இருக்கும். மேலடுக்கு முழுதாகத் தேற இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். பார்க்க நன்றாகிவிட்டதே என்று அவசரப்படாதீர்கள். மாய்ஸ்சரைசர் துளிகூட எரியாத நிலை வந்து, அதன் பிறகும் ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள்.

திரும்பத் தொடங்கும்போது

ஒரு நேரத்தில் ஒரு பொருள். அடுத்ததற்கு இரண்டு வாரம் இடைவெளி. முதலில் முழங்கை மடிப்பின் உட்புறத்தில் நாளுக்கு இரண்டு தடவை, ஒரே இடத்தில், ஏழிலிருந்து பத்து நாள் தடவிப் பாருங்கள். காதுக்குப் பின்னால் ஒருதடவை தடவிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. கழுவிவிடும் பொருளை, முகத்தில் எவ்வளவு நேரம் வைப்பீர்களோ அவ்வளவு நேரம் வைத்துவிட்டுக் கழுவுங்கள். கையில் ஒத்துக்கொண்டால் அப்புறம் தாடையோரம் ஒரு சின்ன இடம். கைத்தோல் தாங்குவதை முகம் தாங்காமல் போகலாம்.

ரெட்டினால் என்றால் பட்டாணி அளவு, முழு முகத்துக்கும் அவ்வளவுதான், வாரத்தில் இரண்டு இரவு, நன்றாக உலர்ந்த முகத்தில், மாய்ஸ்சரைசருக்கு மேல். பென்சாயில் பெராக்சைடில் 10 சதவீதம் வாங்கியவர்கள் 2.5 சதவீதத்துக்கு இறங்குங்கள். பருவைக் குறைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை, எரிச்சல் குறைவு. சீரம்களில் வரும் நியாசினமைடும் அப்படித்தான், 10 சதவீதம் எரிந்தவர்களுக்கு 4 அல்லது 5 பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

லேபிளைப் படிக்கும்போது: வாசனை சேர்க்காதது (fragrance-free) என்பது வேறு, வாசனை தெரியாதது (unscented) என்பது வேறு. இரண்டாவதில் மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க வாசனை சேர்த்திருக்கலாம். ஹைப்போஅலர்ஜெனிக் (ஒவ்வாமை தரும் வாய்ப்பு குறைவு) என்று அச்சடிக்கப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. கெட்டுப்போகாமல் காக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பொருள் இருந்தால் தோலில் தங்கும் கிரீமாக வாங்காதீர்கள். அமெரிக்கத் தொடர்புத் தோல் அழற்சிச் சங்கம் 2013இல் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் விடும் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017இலிருந்து தடை விதித்தது.

மருத்துவரிடம் எப்போது

உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு முட்டினால், தலை சுற்றினால் அந்த நிமிடமே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். கண்ணிமை வீங்கி மூடிக்கொண்டால், கொப்புளம் வந்தால், சீழோ நீரோ கசிந்தால், காய்ச்சல் சேர்ந்தால் அன்றே தோல் மருத்துவர். எல்லாம் நிறுத்தியும் ஒரு வாரத்தில் குறையவே இல்லை என்றாலும், ஆறி ஆறித் திரும்பி வந்தாலும் போக வேண்டும்.

போகும்போது அந்தப் புட்டியையும், உட்பொருள்கள் அச்சடித்த அட்டைப்பெட்டியையும், மற்ற எல்லாப் பொருள்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். முகம் மோசமாக இருந்த அன்று எடுத்த போட்டோவும் வேண்டும். ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால் முதுகில் பேட்ச் டெஸ்ட் வைப்பார்கள். சிறு பட்டைகளை ஒட்டி, வழக்கமாக 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, பிறகு இன்னொரு நாள் வரச் சொல்லி மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகை நனைக்கக்கூடாது, வியர்க்க வேலை செய்யக்கூடாது, ஆகவே அந்த வாரத்துக்கு ஏற்ற மாதிரி நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.