பிளே ஸ்டோரில் இல்லாத செயலியை போனில் ஏற்றுவது

திண்டுக்கல்லில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, இந்த ஏபிகே ஃபைலைப் போட்டுக் குடுங்க" என்று யாராவது போனை நீட்டினால், "இது எங்கேருந்து வந்துச்சு?" என்றுதான் முதலில் கேட்பேன். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் செயலியை ஏற்றும் ஃபைல். நீங்களே தேடிப் போய் எடுத்த ஃபைல் என்றால் உட்கார்ந்து பேசலாம். வாட்ஸ்அப்பில் உங்களைத் தேடி வந்த ஃபைல் என்றால் தொடமாட்டேன். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராத ரசீது, பிஎம் கிசான் பட்டியல் என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். செயலியாக வர வேண்டிய வேலை அதற்குக் கிடையாது.

அதற்காக வெளியே கிடைப்பதெல்லாம் திருட்டுச் சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். 2010 முதல் எஃப்-ட்ராய்டு என்று ஒரு கடை இருக்கிறது. கடை என்கிறோமே தவிர காசு வாங்குவதில்லை. மூல நிரல், அதாவது செயலியை எழுதிய கோடு, எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும் செயலிகளை மட்டுமே அங்கே வைப்பார்கள். பெரும்பாலும் அந்த மூல நிரலை எடுத்துத் தாங்களே செயலியாக்கி, தங்கள் டிஜிட்டல் கையொப்பத்தை (செயலியை யார் செய்தது என்று காட்டும் முத்திரை) போட்டுத் தருவார்கள். விளம்பரமோ, நம்மைக் கண்காணிக்கும் வேலையோ உள்ள செயலி என்றால் அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும். முதல்முறை செய்கிறவர்கள் இங்கே தொடங்குவதுதான் நல்லது.

குரோமில் எஃப்-ட்ராய்டு டாட் ஆர்க் (f-droid.org) என்று முகவரியை நீங்களே தட்டிப் போங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர லிங்க் வேண்டாம். டவுன்லோடு பட்டனைத் தொட்டதும் 'இந்த ஃபைல் தீங்கு செய்யலாம்' என்று குரோம் சொல்லும். எந்த ஏபிகே எடுத்தாலும் அப்படித்தான் சொல்லும். ஃபைலைத் திறந்தால், தெரியாத செயலிகளை நிறுவ குரோமுக்கு அனுமதி இல்லை என்று போன் தடுக்கும். அங்கேயே செட்டிங்ஸ் என்று இருப்பதைத் தொட்டு, அனுமதியை ஆன் செய்து, பின்னால் வந்து இன்ஸ்டால் கொடுங்கள்.

சில சாம்சங் போன்களில் அந்த சுவிட்ச் மங்கலாக, அசையாமல் நிற்கும். செக்யூரிட்டி பகுதியில் ஆட்டோ பிளாக்கர் ஆனில் இருக்கும். அதை அணைத்து, வேலை முடிந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள்.

எஃப்-ட்ராய்டு ஏறியதும், அதைத் திறப்பதற்கு முன்னால் குரோமின் அனுமதியை எடுத்துவிடுங்கள். ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ் என்று போனால் வரும். ஆண்ட்ராய்டு 7 வரை இதற்கு ஒரே சுவிட்ச்தான். ஆன் செய்தால் போனில் இருக்கும் எல்லாவற்றுக்கும் திறந்துகொள்ளும். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அனுமதி. இனி எஃப்-ட்ராய்டுக்கு மட்டும் அந்த அனுமதி இருந்தால் போதும், குரோமுக்கு வேண்டியதில்லை.

என் போனில் ஹெலிபோர்டு கீபோர்டு வைத்திருக்கிறேன். தமிழும் தட்டலாம். எனக்குப் பிடித்த விஷயம், அது இணைய அனுமதியே கேட்பதில்லை. எஃப்-ட்ராய்டில் தேடி, இன்ஸ்டால் செய்து, கீபோர்டு செட்டிங்ஸில் ஆன் செய்யும்போது, நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு உட்பட எல்லாவற்றையும் இது சேகரிக்கலாம் என்று போன் பயமுறுத்தும். வெளியிலிருந்து போடும் எந்தக் கீபோர்டுக்கும் அதே வாசகம்தான். இங்கே பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது கையொப்பம். 'ஆப் நாட் இன்ஸ்டால்டு' என்று போன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பாதி நேரம் காரணம் இதுதான். பிளே ஸ்டோரில் எடுத்த செயலியின் மேல் எஃப்-ட்ராய்டு பதிப்பைப் போட்டால், பெயர் ஒன்று, கையொப்பம் வேறு, ஆண்ட்ராய்டு விடாது. பழையதை நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும். நீக்கினால் உள்ளே இருக்கும் தகவலும் போய்விடும், அதனால் முதலில் பேக்கப். காசு கட்ட வேண்டிய செயலியை 'மாட்' என்று இலவசமாகத் தருகிறார்களே, அதை நான் போட்டுத் தராததற்கும் இதே காரணம்தான். ஒரு செயலிக்குள் கை வைத்தால் பழைய கையொப்பம் செல்லாது. புதிதாகப் போட்டவன் யார், உள்ளே என்ன சேர்த்தான் என்று கேட்க ஆளில்லை.

'பார்சிங்' பிரச்சினை என்று வந்தால் டவுன்லோடு பாதியில் நின்றிருக்கும், அல்லது உங்கள் ஆண்ட்ராய்டு அந்தச் செயலிக்குப் பழசு. செயலி எழுதுகிறவர்கள் தங்கள் நிரலைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரே செயலிக்கு மூன்று நான்கு ஏபிகே இருந்தால், அவை வெவ்வேறு பிராசசர் வகைக்கானவை. இன்றைய போன்கள் பெரும்பாலானவற்றுக்கு ஆர்ம்64-வி8ஏ (arm64-v8a) என்பதை எடுங்கள். இப்படித் தனி ஃபைலாகப் போட்டவற்றுக்கு பிளே ஸ்டோர் போல யாரும் அப்டேட் கொண்டுவந்து தரமாட்டார்கள். நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

ஏறிய பிறகு என்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். எஸ்எம்எஸ் கேட்டால் ஓடிபி படிக்கும். அக்சசிபிலிட்டி கேட்டால் திரையில் இருப்பதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகத் தொடவும் செய்யும். 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், பிரவுசர் வழியாகவோ வாட்ஸ்அப் வழியாகவோ ஏறிய செயலிக்கு அக்சசிபிலிட்டியைச் சட்டென்று தராது. 'ரெஸ்ட்ரிக்டெட் செட்டிங்' என்று நிறுத்திவிடும். அதைத் தாண்டும் வழியை எனக்குத் தெரிந்தும் இங்கே எழுதவில்லை. தெரியாத செயலிக்கு அது தேவைப்படுகிறது என்றால் நீக்கிவிடுங்கள். கெட்ட செயலிகளைத் தேடிப் பிடிக்கும் கூகுளின் பிளே ப்ரொடெக்டை அணைக்கச் சொல்லும் யூடியூப் வீடியோவையும் அங்கேயே மூடிவிடுங்கள்.

இந்த வழி இப்படியே இருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. செயலி எழுதுகிறவர் தன் அடையாளத்தை கூகுளிடம் சரிபார்த்திருந்தால்தான் அவர் செயலி போனில் ஏறும் என்று 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் என்பது அப்போது சொன்ன திட்டம். எஃப்-ட்ராய்டு வெளிப்படையாக எதிர்த்தது. விஷயம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி வைப்போம் என்று கூகுள் பிறகு சொன்னது. திருடனைப் பிடிக்க ஊருக்கே அடையாள அட்டை கேட்பதா என்று எனக்கும் எரிச்சல்தான். ஆனால் பணம் போய்க் கடைக்கு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது முழுசாகத் திட்டவும் வாய் வருவதில்லை.

தப்பான ஃபைல் ஏறிவிட்டது என்று தெரிந்தால், முதலில் ஃப்ளைட் மோடு. அப்புறம் இன்னொரு போனிலிருந்து வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் கூப்பிடுங்கள். நீக்க முடியாமல் அடம்பிடித்தால், செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின் (போனையே கட்டுப்படுத்தும் அதிகாரம் பெற்ற செயலிகள்) பட்டியலில் அதன் டிக்கை எடுத்துவிட்டு நீக்குங்கள். வீட்டில் அப்பா அம்மா போனில் இப்போதே ஒரு வேலை செய்யலாம்: இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, வாட்ஸ்அப்புக்கு நேராக ஆன் என்று இருந்தால் ஆஃப் செய்துவிடுங்கள்.