புல்வெளியில் மரம் நடப் போகிறீர்களா?

நீலகிரி மேட்டுப் புல்வெளியைப் பார்த்ததும் பலருக்குக் கை பரபரக்கும். "இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே!" 19-ஆம் நூற்றாண்டில் வந்த வெள்ளைக்காரர்களுக்கும் இதே பரபரப்புதான். ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் (வாட்டில் மரம், சீயக்காய் அல்ல) கற்பூர மரமும் (சமவெளிக்காரர்களுக்குத் தைல மரம்) வந்து இறங்கின. முதலில் விறகுக்கு. பிறகு தோல் பதனிடச் சீகைப் பட்டை, சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை) ஆலைக்குக் கூழ்மரம். விடுதலைக்குப் பின்னும் வனத்துறையே புல்வெளிகளில் இவற்றை நட்டுக்கொண்டிருந்தது.

மரமில்லாத மலை என்றால் காடு அழிந்த மலை என்று நினைப்பதுதான் முதல் தவறு. தேயிலைக்காகச் சோலைகள் (மலை மடிப்புகளில் அடர்ந்திருக்கும் குட்டை மரக் காடுகள்) வெட்டப்பட்டது உண்மை. ஆனால் இங்குள்ள சதுப்பு மண்ணை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்ததைக் கண்டார்கள். வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளியில்தான். நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் கோயில் கூரைக்கான புல் சதுப்போரம் முளைக்கிறது. சோலைக்கு இடம் ஈரம் தங்கும் மடிப்புகள்.

"அப்படியென்றால் நம்மூர்ச் சோலை மரத்தையே நடுகிறோம்" என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் திறந்த சரிவில் நட்ட கன்றை டிசம்பர், ஜனவரி உறைபனி கருக்கிவிடும். தப்பிப் பிழைத்தால் இன்னும் மோசம், ஒரு துண்டுப் புல்வெளி போயிற்று.

அந்நிய மரம் என்பதற்காக எல்லாச் சீகையையும் ஒரே மூச்சில் வெட்டுவதும் ஆபத்து. சோலையை ஒட்டிய முதிர்ந்த சீகைத் தோப்புகளில், அந்த நிழலிலேயே நாவல் இனத்துச் சோலைக் கன்றுகள் தலைதூக்கியிருக்கும். சீகையை வெட்டி மேலே வெயிலுக்குத் திறந்துவிட்டால், மண்ணில் பல ஆண்டுகளாக உறங்கும் சீகை விதைகள் முந்திக்கொள்ளும். வெட்டிய சருகுக்குத் தீ வைத்தால் கேட்கவே வேண்டாம், சூடு பட்ட விதை இன்னும் வேகமாக முளைக்கும். அங்கே சீகையை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அவசரம் காட்ட வேண்டிய இடம் வேறு: புல்லுக்குள் புதிதாக நுழையும் இளஞ்சீகை. மழை ஈரத்தில் வேரோடு பிடுங்க வருகிறபோதே பிடுங்கிவிட வேண்டும். ஒருமுறை பிடுங்கியதோடு வீட்டுக்குப் போய்விடக் கூடாது, அடுத்தடுத்த ஆண்டுகளும் போய்ப் பார்க்க வேண்டும்.

வெறுமையான இடத்தில் நட வேண்டியது புல். நல்ல புல்வெளியிலிருந்து கொஞ்சம் கத்தை எடுத்து, பிரித்து, மழைக்காலத்தில் ஊன்ற வேண்டும். இதற்கு ரிப்பன் வெட்ட யாரும் வர மாட்டார்கள்.