விக்குக்கு மேல் போடும் இரவுத் தொப்பி: துணியைத் தடவும் முன் பட்டியை இழுத்துப் பாருங்கள்

விக்கைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குவதுதான் நல்லது. தலைத்தோலுக்குக் காற்று வேண்டும், விக்கும் அதிக நாள் உழைக்கும். ஆனால் எல்லா இரவும் நம் வீட்டு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு கழிவதில்லை. கீமோ சிகிச்சையில் முடி கொட்டியவர் கல்யாண மண்டபத்தில் பத்துப் பேரோடு பாய் விரித்துப் படுக்க வேண்டியிருக்கும். இரவு ரயிலில் எதிர் பெர்த்தில் முகம் தெரியாத யாரோ இருப்பார்கள். புழுவெட்டு வந்தவர் விடுதியில் மூன்று பேர் அறையில் தங்கியிருப்பார். முன் ஓரத்தில் மெல்லிய வலை வைத்த லேஸ் விக்கைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் தினமும் கழற்றி மாட்டுவது நடக்காத காரியம். அந்த இரவுகளுக்காகத்தான் இந்தத் தொப்பி.

தொப்பிக்கு இரண்டு வேலை. விக் முடி தலையணையில் உரசிச் சிக்குப் பிடிக்காமல் காப்பது ஒன்று. புரண்டு படுக்கும்போது விக் இடம் மாறாமல் நிறுத்துவது இன்னொன்று. முதல் வேலையைத் துணி பார்த்துக்கொள்ளும், இரண்டாவதைத் தொப்பியின் ஓரப் பட்டிதான் பார்க்க வேண்டும். கடையில் எல்லோரும் துணியின் வழவழப்பைத் தடவிப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். நடுராத்திரியில் நெற்றி விண்ணென்று வலித்து எழுந்தாலும், காலையில் தொப்பி தலையணைக்குப் பின்னால் கிடந்தாலும், பெரும்பாலும் காரணம் பட்டிதான்.

அளவு

விக்கை மாட்டி, தூங்கும்போது முடியை எப்படி வைத்திருப்பீர்களோ அப்படியே வைத்துக்கொண்டு அளக்க வேண்டும். இஞ்சு டேப்பை முன்பக்கம் விக்கின் ஓரத்துக்கு ஒரு செ.மீ. கீழே, நெற்றித் தோலில் வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பிடரியில் விக் முடியும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். இழுத்துப் பிடிக்க வேண்டாம், படிந்தால் போதும். வெறும் தலை 55 செ.மீ. என்றால் விக்கோடு 57 வரும். அடர்த்தியான விக் என்றால் 58.

கடையில் கிடைக்கும் தொப்பிகள் பெரும்பாலும் ஃப்ரீ சைஸ்தான். அந்தச் சொல்லை நம்பாதீர்கள். தொப்பியை மேசையில் தட்டையாக வைத்து, இழுக்காமல் பட்டியின் நீளத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள். உங்கள் தலை 57 என்றால் அது 51 முதல் 53 வரை இருக்கலாம். 47-க்குக் கீழே போனால் காலையில் நெற்றியில் கோடு விழுந்திருக்கும். 56 வந்தால் பாதி ராத்திரியில் கழன்றுவிடும். அடுத்து பட்டியை முழுவதும் இழுத்து அளவு பாருங்கள், 64-ஐத் தாண்ட வேண்டும். தாண்டாத எலாஸ்டிக் தலையில் ஏறும்போதே தன் இழுவையை எல்லாம் தீர்த்துவிடும், பிறகு கயிறு கட்டியது போலத்தான் இருக்கும்.

ஆழத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நெற்றி ஓரத்திலிருந்து உச்சி வழியாகப் பிடரி வரை விக்கின் மேல் அளந்தால் 35 செ.மீ. அளவில் வரும். தொப்பியில் அதே வழியில் குறைந்தது 40 இருக்க வேண்டும். ஆழம் போதாத தொப்பி பின்பக்கம் மேலேறும், ஏறும்போது விக்கையும் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். காலையில் விக் பின்னுக்குத் தள்ளி நெற்றி ஏறித் தெரிவது இதனால்தான். விக் சின்னதாகிவிட்டது என்று அதன் கொக்கியை இன்னும் இறுக்குவது தவறான வைத்தியம்.

பட்டி

பட்டி அகலமாக இருக்க வேண்டும். 2.5 செ.மீ.க்குக் குறைந்தால் வேண்டாம், 4 இருந்தால் நல்லது. அதே இழுவை அகலமான இடத்தில் பரவும்போது எந்த இடத்திலும் வெட்டாது. எலாஸ்டிக் துணிக்குள் மறைந்திருக்க வேண்டும். ரப்பர் தோலில் நேரடியாகப் பட்டால் சிலருக்கு அரிக்கும், லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தடித்துவிடும்.

எங்கள் முதல் பரிந்துரை, முன்பக்கம் எலாஸ்டிக் இல்லாத தட்டையான பட்டியும் பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக்கும் உள்ள தொப்பி. நெற்றியில் அழுத்தம் இருக்காது, லேஸ் ஓரமும் கசங்காது. நாடா வைத்துக் கட்டும் வகையும் நல்லதுதான், இறுக்கத்தை நம் கையாலேயே வைக்கலாம். ஆனால் முடிச்சு பிடரியில் விழக் கூடாது. மல்லாந்து படுத்தால் இரவு முழுக்க ஒரு கல்லின் மேல் தலை வைத்தது போல இருக்கும். நாடாவை முன்னால் கொண்டுவந்து நெற்றிக்கு மேலே முடிச்சுப் போடுங்கள்.

பல விக்குகளில் காதோரம் இறங்கும் சிறு நாக்குகளுக்குள் வளையும் கம்பியோ பிளாஸ்டிக் துண்டோ வைத்துத் தைத்திருப்பார்கள். பகலில் அது விக்கைக் கன்னப்பொறியோடு படிய வைக்கும். இரவில் தொப்பியின் பட்டி அதன் மேல் வந்தால், ஒருக்களித்துப் படுக்கும்போது அந்தக் கம்பி பொறியில் குத்தும். தொப்பியைப் போட்டதும் விரலால் காதுக்கு முன்னால் தடவிப் பாருங்கள். கம்பி கையில் பட்டால் அதைக் கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைத்துவிடுங்கள், அல்லது பட்டியைச் சற்று மேலே ஏற்றிக்கொள்ளுங்கள்.

பட்டி இருக்கும்போது விக்கின் உள்ளே உள்ள கொக்கியையோ வெல்க்ரோவையோ ஒரு படி தளர்த்திவிடலாம். இரண்டும் இறுக்கினால் வலி கூடுமே தவிரப் பிடிமானம் கூடாது. விக்குக்குள் சீப்புக் கிளிப் இருந்தால் இரவில் திறந்தே இருக்கட்டும். புழுவெட்டில் மிச்சமிருக்கும் சொந்த முடியை அந்தக் கிளிப் இரவெல்லாம் இழுத்தால் அந்த இடமும் வெறுமையாகும்.

வாங்கிய அன்றே இரவு முழுக்கப் போட வேண்டாம். பகலில் 20 நிமிடம் போட்டு, இரண்டு பக்கமும் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். பட்டிக்கும் நெற்றிக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். கழற்றிய பின் கோடு சில நிமிடங்களில் மறைய வேண்டும். மறையவில்லையென்றால் அந்தத் தொப்பி உங்களுக்கு இல்லை.

துணி

சாட்டின் வேறு, பட்டு வேறு. சாட்டின் என்பது நெசவு முறை, பட்டு என்பது இழை. கடையில் சாட்டின் தொப்பி என்று விற்பது பெரும்பாலும் பாலியஸ்டர் நூலில் நெய்தது. அதில் குறையொன்றும் இல்லை, உரசல் குறைவு, விலையும் குறைவு. பட்டு விலைக்கு பாலியஸ்டரை வாங்கிவிடாமல் இருந்தால் போதும். சந்தேகம் வந்தால் உள் ஓரத்திலிருந்து இரண்டு இழையை உருவி, எவர்சில்வர் தட்டின் மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலில் நொறுங்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும்.

பட்டின் கனத்தை மாமி என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மாமி என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4.3 கிராம். 19 மாமி தொப்பிக்குப் போதும், 22 அதிக நாள் உழைக்கும். அதற்கும் மேலே போனால் நம் ஊர் வெயிலுக்குக் கனமாகத்தான் இருக்கும்.

பருத்தியைப் பற்றிக் குழப்பம் உண்டு. மொட்டைத் தலைக்குப் பருத்தியே அருமை, வியர்வையை உறிஞ்சும். மூங்கில் துணி என்று விற்கும் விஸ்கோஸும் அப்படித்தான். ஆனால் விக்குக்கு மேலே பருத்தி வேண்டாம். அதன் இழைகளில் நுண்ணிய பஞ்சு நீட்டிக்கொண்டிருக்கும். அது செயற்கை முடியைப் பற்றிப் பற்றி இழுத்து, பிடரிப் பக்கம் முடியைச் சுருட்டிப் பஞ்சுபோல ஆக்கிவிடும். அப்படிக் கெட்ட செயற்கை முடி முழுதாகத் திரும்புவதில்லை. இயற்கை முடி விக்குக்கு வேறு தொல்லை. திருமலையில் காணிக்கையாகும் முடி ஏலம் போய் எந்தெந்த நாட்டிலோ விக்காகிறது. எவ்வளவு நல்ல முடியானாலும் தலையை விட்டு வந்தபின் அதற்கு எண்ணெய்ப் பசை ஊறுவதில்லை, இருக்கிற ஈரத்தையும் பருத்தி உறிஞ்சி வறட்டிவிடும். ஆகவே செயற்கை முடிக்கு மெல்லிய பாலியஸ்டர் சாட்டின், இயற்கை முடிக்குக் கையில் பணம் இருந்தால் பட்டு, இல்லாவிட்டால் அதே சாட்டின்.

மே மாதத்தில் ஏசி இல்லாத அறை என்றால் ஒற்றை அடுக்குத் தொப்பிதான் தாங்கும். இரட்டை அடுக்கை ஏசி அறைக்கும் மார்கழிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கத் தையல் மணிக்கட்டின் உள்தோலில் உரசிப் பார்த்தால் உறுத்தாமல் இருக்க வேண்டும். ஜரிகை, லேஸ், மணி எதுவும் உள்ளே வரக் கூடாது. அடர் நிறத் தொப்பி வாங்கினால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், வியர்வையில் நனையும் முதல் இரவே அது விக்கிலும் ஒட்டும். நரை கலந்த விக்கில் அது நன்றாகவே தெரியும்.

வீட்டிலேயே தைத்துக்கொள்ள

அளவு பொருந்தும் தொப்பி கிடைக்காதவர்களுக்குத் தெருமுனைத் தையல்காரரே போதும். 44 அங்குல அகலச் சாட்டின் முக்கால் மீட்டர் வாங்குங்கள். அதில் 56 செ.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றும், 36 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலமுள்ள பட்டித் துண்டு இரண்டும் வெட்டலாம். 3.5 செ.மீ. அகல எலாஸ்டிக் 20 செ.மீ. வேண்டும். இந்தக் கணக்கு விக்கோடு 57 செ.மீ. வரும் தலைக்கு. தலை ஒரு செ.மீ. கூடினால் எலாஸ்டிக்கும் ஒரு செ.மீ. கூடட்டும்.

இரண்டு பட்டித் துண்டுகளையும் ஒரு செ.மீ. தையல் விட்டு வளையமாகச் சேர்த்து, நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 68 செ.மீ. சுற்றளவு வரும். வட்டத்தின் ஓரத்தைச் சுற்றிலும் சுருக்கி அந்த அளவுக்குக் கொண்டுவந்து, மடித்த பட்டியோடு சேர்த்துத் தையுங்கள். பின்துண்டில் மட்டும் எலாஸ்டிக்கை நுழைத்து இரு முனையையும் பக்கத் தையலில் பிடித்துத் தைத்தால் 34 செ.மீ. துணி 18-க்குச் சுருங்கும். பக்கத் தையல் இரண்டும் காதுக்குப் பின்னால் விழும்படி முன்துண்டு நீளம் வைத்திருக்கிறோம். அதைக் குறைத்தால் தையலின் தடிப்பு காதின் மேலேயே உட்காரும். 9 அல்லது 11ஆம் எண் புது ஊசி போடச் சொல்லுங்கள், மழுங்கிய ஊசி சாட்டினில் இழை இழுக்கும். ஜரிகை இல்லாத பழைய சாஃப்ட் சில்க் புடவையின் உடல் பகுதி இதற்கு மிக நன்றாக அமையும்.

போடும் விதம்

விக் ஈரமாக இருந்தால் அன்றிரவு அதோடு படுக்கவே கூடாது. அழுந்திய ஈர முடி திரிந்துவிடும், உள்வலையில் பூஞ்சை வாடை வரும். உலர்ந்த விக்கைப் பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சீவுங்கள். சுருட்டை என்றால் விரல் போதும். ஹேர்பின், பூ, கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். நீள முடியைத் தளரப் பின்னி ஒரு தோளில் போட்டுக்கொள்ளுங்கள், கொண்டை வேண்டாம். சுருட்டையை உச்சிக்குக் கூட்டி விட்டுவிடலாம்.

தொப்பியைப் பின்னாலிருந்து முன்னால் போட வேண்டும். முன்னாலிருந்து இழுத்தால் விக்கும் கூடவே போகும். குனிந்து, பிடரியில் பட்டியை வைத்து, பின்னலை உள்ளே விட்டு, இரண்டு கையாலும் பட்டியை விரித்தபடி நெற்றிக்குக் கொண்டுவாருங்கள். லேஸ் ஓரம் முழுவதும் பட்டிக்கு உள்ளே அடங்கி, பட்டியின் கீழ் ஓரம் வெறும் நெற்றியில் நிற்க வேண்டும். பட்டியின் ஓரமும் லேஸின் ஓரமும் ஒரே கோட்டில் இருந்தால், புரளும் ஒவ்வொரு முறையும் லேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பும். தொப்பி அடிக்கடி கழன்றுவிடுகிறவர்கள் தலையணைக்கும் சாட்டின் உறை போட்டுவிடுங்கள்.

போடவே கூடாத இரவுகள்

தலையில் புண், கொப்புளம், படை, காய்ச்சல் இருக்கும்போது விக்கும் வேண்டாம், தொப்பியும் வேண்டாம். தலைக்குக் கதிர்வீச்சு நடக்கிறது என்றால் மருத்துவரைக் கேட்காமல் தலையில் எதையும் மாட்டாதீர்கள். முடி கொட்டவைக்கும் கீமோ மருந்துகளில், முதல் ஊசிக்குப் பிறகு 2 முதல் 3 வாரத்தில் உதிரத் தொடங்கும். அந்த நாட்களில் தலைத்தோல் தொட்டாலே நோகும். அப்போது விக்கைக் கழற்றி வைத்துவிட்டு மெல்லிய பருத்தித் தொப்பியை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். தையல் வெளியே போய்விடும், வழவழப்பான பக்கம் தோலில் படும். யார் பார்த்தால் என்ன என்று அந்தச் சில வாரங்களுக்கு மட்டுமாவது மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

துவைப்பது

வெயில் காலத்தில் மூன்று இரவுக்கு ஒரு முறை, மற்ற நாட்களில் வாரம் ஒரு முறை. பட்டுத் தொப்பியைக் குளிர்ந்த நீரில் சில துளி மென்மையான ஷாம்பூ விட்டு அலசினால் போதும். கறை நீக்கும் என்சைம் கலந்த சோப்புத்தூளில் போடாதீர்கள், அந்த என்சைம் புரதத்தைக் கரைப்பது, பட்டும் புரதம்தான். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் காய வையுங்கள். பாலியஸ்டர் சாட்டினுக்கு இவ்வளவு பக்குவம் தேவையில்லை, ஆனால் எலாஸ்டிக் எந்தத் தொப்பியிலும் வெந்நீரிலும் வெயிலிலும் சீக்கிரம் தளரும். மாதம் ஒரு முறை பட்டியை மேசையில் வைத்து அளங்கள். வாங்கியபோது 52 இருந்தது 55 ஆகிவிட்டால் துணியைத் தூக்கிப்போட வேண்டாம், தையல்காரரிடம் கொடுத்து எலாஸ்டிக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.